பூட்டு மாற்றிய நாள்

அத்தியாயம் பதினொன்று

பூட்டுக்காரரின் மகள் சின்னவள், தன்னைவிடப் பருமனான ஒரு பையை முதுகில் ஏற்றிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் பறந்து போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விமான நிலையத்து வாசலில் அவர் அவளிடம் கேட்டது ஒரே ஒரு வாக்குறுதிதான். பெண்கள் விடுதியைத் தவிர வேறெங்கும் தலைசாய்க்கக் கூடாது. அவளும் சரியென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பி அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார், நிம்மதியாகத் தூங்கினார், நிம்மதியாகக் கடை திறந்தார்.

அந்த நிம்மதியைக் கெடுக்கப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் போதுமானவராக இருந்தார். கண்ணாடி வெட்டுவது அவர் தொழில். மனிதர்களைக் கீறிப் பார்ப்பது பொழுதுபோக்கு.

"என்ன பூட்டு, வீட்டைச் சத்திரமா மாத்திட்டீங்களாமே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சாவி வெட்டும் இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. பூட்டுக்காரர் தலை நிமிரவில்லை.

"காலங்காத்தால உனக்கு வேற ஆள் கிடைக்கலையா?"

"எனக்கென்ன வந்துச்சு? என் தங்கச்சி மகன் வெளிநாடு சுத்தப் போறானாம். ஓட்டல் கட்டுப்படி ஆகாதுன்னு, சும்மா படுக்க எடம் தர்ற வீடுங்களைப் போன்ல தேடிக்கிட்டிருந்தான். எல்லா ஊர் வீட்டையும் காட்டுச்சு. நம்ம ஊர்ல எவன்டா இப்படிப்பட்ட தர்மவான்னு எட்டிப் பார்த்தா, அட, நம்ம பூட்டு!"

கைப்பேசியை மூக்குக்கு நேரே நீட்டினார். பூட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

அவர் வீட்டுக் கூடம்தான். பூப்போட்ட உறை மாட்டிய சோபா. சுவரில் ஓடாத கடிகாரம். ஓரத்தில் பாதி தெரிந்த வாசற்கதவு. அதில் அவர் கையாலேயே பொருத்திய பூட்டு. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைக் கண்ணாடிக்கடைக்காரர், தெரு முழுவதற்கும் கேட்கட்டும் என்று, தமிழ்ப்படுத்தி வாசித்தார்.

"அமைதியான வீடு. சுத்தமான படுக்கை. அம்மா நல்லவர். அப்பா உறுமுவார், கடிக்க மாட்டார்." நிறுத்தி, ஏற இறங்கப் பார்த்தார். "இது நீங்கதானே?"

இயந்திரத்தின் பல் சறுக்கியது. வாடிக்கையாளர் ஒருவரின் அலமாரிச் சாவி கோணலாக வெட்டுப்பட்டுப் பாழாயிற்று. பூட்டுக்காரர் கையில் ஒரு சாவி பாழாவதை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

"இன்னிக்கு யாரோ வந்து எறங்கறாங்களாம், போட்டிருக்கு. நல்லா கவனிச்சுக்குங்க. கடிச்சு கிடிச்சு வச்சிடாதீங்க."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட திருப்தியுடன் அவர் தம் கடைக்குத் திரும்பினார்.

பூட்டுக்காரர் மனைவியை அழைத்தார். அந்த அம்மாள் மருந்துக்கடை ஒன்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்.

"நம்ம வீட்டுப் படம் ஊரெல்லாம் சுத்துதாமே, உனக்குத் தெரியுமா?"

மறுமுனையில் மாத்திரை அட்டைகள் சலசலத்தன. "கடையில கூட்டமா இருக்கு. சாயங்காலம் பேசிக்கலாம்."

"தெரியுமா தெரியாதா?"

"இருமல் மருந்து ரெண்டாவது தட்டுல இருக்கு பாருங்க" என்று யாரிடமோ சொன்னபடி இணைப்பைத் துண்டித்தார்.

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியை மனைவி செலவு செய்யாததிலிருந்தே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூத்த மகன் பெரியவன், பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவன், அழைப்பை எடுக்கவே இல்லை. ஆக, அவனுக்கும் தெரியும்.

நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. நாலாவது ஆள் கதவுக்குப் பூட்டுப் போடுகிறவன். அவ்வளவுதான் அவனுக்கு மரியாதை.

பூட்டுக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். இருப்பதிலேயே உயர்ந்த ரகத்திலிருந்து, சாவி நுழையும் ஒரு புதிய பூட்டு உருளையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தம் சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றி, உருக்குவதற்காகப் பித்தளைத் துண்டுகளைப் போட்டு வைக்கும் டப்பாவுக்குள் வீசினார். அந்த உருளைக்குரிய புதிய சாவிகளில் ஒன்றைக் கொத்தில் கோத்தார். மற்றவற்றை எண்ணிப் பார்க்காமல் மேசை இழுப்பறையில் தள்ளிவிட்டு, உதவியாளிடம் கடையை ஒப்படைத்துவிட்டு நடந்தார்.

வீட்டில் யாரும் இல்லை. சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, பகல் நேரத்தில் வழக்கமாக இருப்பதுபோல, பூட்டியிருந்தது. தம் சாவியை டப்பாவில் வீசிவிட்டது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. கோபத்தில் செய்கிற காரியத்துக்கு இப்படி ஒரு சின்ன ஓட்டை எப்போதும் இருக்கும். ஆனால் தம் வீட்டுக் கதவைத் தாமே சாவியில்லாமல் திறக்கத் தெரியாவிட்டால் அவர் என்ன பூட்டுக்காரர்? பையிலிருந்த மெல்லிய கம்பிகள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. கதவு திறந்தது.

கதவின் விளிம்பில் உள்ள நீளத் திருகாணியைக் கழற்றி, உள்நாக்கைச் சற்றே திருப்பினால், பூட்டின் உயிரான பித்தளை உருளை வழுக்கிக்கொண்டு கைக்குள் வந்துவிடும். வந்தது. பழையதை இடப் பக்கப் பையில் போட்டார். புதியதைப் பொருத்தினார். திருகாணியை இறுக்கினார். சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சுழன்றது.

"வாங்கடா, வாங்க" என்று யாரும் இல்லாத தெருவைப் பார்த்துச் சொன்னார்.

சின்னவள் சிறுமியாக இருந்தபோது கடை மேசைமேல் உட்கார்ந்து கதை கேட்பாள். அவருக்குத் தெரிந்தது ஒரே கதை. கடற்கரையில் ஒரு நண்டு இருந்ததாம். இரவில் அலை வந்து வளைக்குள் புகுந்துவிடும் என்று அதற்குப் பயம். பகல் முழுவதும் பாடுபட்டு ஈர மணலால் வாசலை அடைத்ததாம். அப்படி ஓர் அடைப்பை அந்தக் கரையில் எந்த நண்டும் செய்ததில்லையாம். வேலையை முடித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், அது நின்றது வெளிப்பக்கமாம்.

இந்த இடத்தில் அவர் பெரிதாகச் சிரிப்பார். சின்னவள் சிரிக்க மாட்டாள். "அப்போ அது ராத்திரி எங்கப்பா தூங்குச்சு?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"அது நண்டோட கவலை" என்று சொல்லிவிட்டு அவர் அரத்தை எடுத்துக்கொள்வார்.

அன்று பகல், புதிய பூட்டை ஒரு துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியபோது, அந்தக் கதை அவர் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைக்குத் திரும்பியிருந்தவருக்கு, வெயில் தாழ்ந்தபோது, பெரியவனின் அழைப்பு வந்தது.

"அப்பா, வீட்டுப் பூட்டுல ஏதோ கோளாறு. அம்மா சாவியும் சேரல, என் சாவியும் சேரல."

"கோளாறு ஒண்ணுமில்ல. அது வேலையை அது ஒழுங்காச் செய்யுது."

மறுமுனையில் மனைவியின் குரல், தொலைவிலிருந்து, ஆனால் மிகத் தெளிவாக வந்தது. "அவரை வரச் சொல்லுடா. இப்பவே."

வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். தோளில் கைப்பையோடு மனைவி. அலுவலக உடையில் பெரியவன். மூன்றாவது ஆள் ஒரு பெண். சின்னவள் வயதுதான் இருக்கும். செம்பட்டை முடி, வெயிலில் தோலுரிந்த மூக்கு, புழுதி படிந்த காலணி. முதுகில் ஒரு மூட்டை. அதன் மேல் சுருட்டிய பாய். பக்கவாட்டில் ஒரு தகரக் குவளை தொங்கியது. எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டும் வழக்கத்துக்கு மாறாக முழுதாகத் திறந்திருந்தன.

"யார் இந்த மூட்டைக்காரி?"

"விருந்தாளி" என்றார் மனைவி. "நான் வேலைக்குப் போயிட்டு வந்து, என் வீட்டு வாசல்ல, விருந்தாளியோட சேர்ந்து நானும் விருந்தாளியா நிக்கறேன். கதவைத் திறங்க."

"யாரைக் கேட்டு வரச் சொன்ன?"

"உங்களைக் கேட்டா நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் எதுக்கு ஒரு தடவை கேட்டு, உங்களைக் கத்த வச்சு, ரத்த அழுத்த மாத்திரையை வேற நானே எடுத்துக் குடுத்துக்கிட்டு?"

"பாத்தியாடா உங்கம்மா பேச்சை!"

பெரியவன் இடையில் புகுந்தான். "அப்பா, கொஞ்சம் கேளுங்க. இது சத்திரம் இல்ல. சின்னவளை மாதிரிப் பசங்ககிட்ட விமான டிக்கெட்டுக்கே காசு சரியாப் போயிடுது. ரூம் எடுக்க எங்க போவாங்க? அதனால வீட்டுக்கு வீடு மாத்திக்கறாங்க. இந்தப் பொண்ணு நம்ம வீட்டுல சின்னவ படுக்கையில படுத்துக்கும். சின்னவ அந்தப் பொண்ணு வீட்டுல அது படுக்கையில படுத்துக்குவா. சாவியை முன்னாடியே தபால்ல அனுப்பி மாத்திக்கிட்டாங்க. அவ்ளோதான்."

"விடுதியில இல்லையா அவ?"

பெரியவன் காலணியின் நுனியைப் பார்த்தான்.

"அப்போ முதல் நாள்லேருந்தே பொய்."

"பொய்தான்" என்றார் மனைவி, தயக்கமே இல்லாமல். "நான்தான் சொல்லச் சொன்னேன். விடுதிக்குக் குடுக்கிற காசுல அவ பாதி ஊரைப் பார்க்காமலே திரும்பணும். அந்த வீட்டு அம்மாகிட்ட நானே போன்ல பேசினேன். அவங்களும் என்னை மாதிரி வேலைக்குப் போறவங்க. அவங்க வீட்டுலயும் ஒருத்தர் உறுமறாராம்."

பேச்சு தன்னைப் பற்றியது என்று புரிந்துகொண்டவள்போல அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதில் ஒரு சாவி இருந்தது.

பூட்டுக்காரருக்கு அதை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சின்னவள் அண்ணன் சாவியையும் தன் சாவியையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதற்காக அவள் சாவியின் தலையில் மட்டும் அவர் இரண்டு புள்ளி குத்திக் கொடுத்திருந்தார். புள்ளிகள் தேய்ந்து, ஆனால் அழியாமல், அந்நியப் பெண்ணின் உள்ளங்கையிலிருந்து அவரைப் பார்த்தன.

"அவ சாவியையா குடுத்துட்டா?" அவர் குரல் ஒரு கணம் இறங்கி, அதே வேகத்தில் ஏறியது. "நான் குத்திக் குடுத்த சாவியை, எவளோ ஒருத்திக்குத் தபால்ல போட்டுட்டாளா? திறக்க மாட்டேன். இவளை எங்கேயாவது ஓட்டல் பார்த்துப் போகச் சொல்லு."

பெரியவன் அவளிடம் ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான், நடுவில் புன்னகை வேறு செய்தான். அப்பா சொன்னது அவ்வளவு நீளமும் இல்லை, அதில் சிரிக்க எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தாள். திரையில் ஒரு முகம் வந்தது. தாடி, சிவந்த கன்னம், புருவத்துக்கு நடுவே ஆழமான ஒரு கோடு. மொழி புரியாவிட்டாலும், அது ஒரு தகப்பன் முகம் என்பதும், கோபமான தகப்பன் முகம் என்பதும் பூட்டுக்காரருக்கு உடனே புரிந்தது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகந்தானே.

மகள் இரண்டு வாக்கியம் பேசினாள். அந்த மனிதர் இருபது வாக்கியம் கத்தினார்.

"என்னடா சொல்றான்?"

"ஏதோ சின்னத் தவறு நடந்துபோச்சு போலன்னு வருத்தப்படறார்."

"டேய். அவன் மூஞ்சியில வருத்தம் எங்கடா இருக்கு?"

பெரியவன் அரை அடி பின்வாங்கினான். "ரொம்ப நேரமா என் பொண்ணைத் தெருவுல நிக்க வச்சிருக்கீங்க, நீங்கள்லாம் மனுஷங்களான்னு கேக்கறார்."

"நீ சொல்லு அவன்கிட்ட. பெத்த பொண்ணை மூட்டை தூக்க விட்டுட்டு என்னைக் கேக்க வந்துட்டானான்னு கேளு."

பெரியவன் சொன்னான். எதைச் சொன்னானோ, தாடிக்காரர் குழப்பத்தோடு "நன்றி" என்று ஒரு சொல்லைச் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

"டேய்!"

"அப்பா, ரெண்டு பேரு பேசறதையும் அப்படியே சொன்னா ரெண்டு நாட்டுக்கும் சண்டை வந்துடும்ப்பா!"

ஆனால் அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியைத் திருப்பி, சாத்திய கதவையும், பளபளக்கும் புதிய பூட்டையும், தன் சாவி அதில் பாதியோடு முட்டி நிற்பதையும் தகப்பனுக்குக் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தாடிக்காரரின் முகம் அசைவற்றுப் போயிற்று. பிறகு திரை ஆடியது. அவர் நடக்கிறார், ஒரு கதவைச் சங்கிலி விட்ட அளவுக்குச் சற்றே திறக்கிறார். அங்கே இருட்டிவிட்டிருந்தது. வாசல் விளக்கின் கீழ் நாலைந்து படிகள், மழையில் நனைந்து மின்னின. கீழ்ப்படியில், தன் பெரிய பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னவள் நின்றிருந்தாள்.

மனைவி கைப்பையை நழுவவிட்டார்.

தாடிக்காரர் இப்போது கத்தவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"என்ன சொல்றான்?" என்றார் பூட்டுக்காரர்.

பெரியவன் திரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"என் பொண்ணு உன் வீட்டு வாசல்ல நிக்கிற வரைக்கும், உன் பொண்ணு என் வீட்டு வாசல்ல நிப்பா. அவகிட்ட சாவி இருக்கு, ஆனா என் பொண்ணு முதல் தடவை போன் பண்ணினப்பவே அவளை வெளிய அனுப்பிட்டு, நான் உள்ளேயிருந்து சங்கிலி மாட்டிட்டேன். அப்படின்னு சொல்றார்."

பகலில் பூட்டை மாற்றியபோது, அந்தக் கதவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்றும், அது கடல்களுக்கு அப்பால் திறக்கிறது என்றும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் மூன்று பேரும் சொல்லவில்லை. ஆனால் இப்போது அதைச் சொல்லிக் காட்டுவதால் மகளின் தலையில் விழும் மழை நிற்கப் போவதில்லை.

"ஏங்க" என்றார் மனைவி. அந்த ஒரு சொல்லில் கெஞ்சல் இல்லை. கடைசித் தவணை இருந்தது.

"முதல்ல அவனை என் பொண்ணை உள்ள விடச் சொல்லு."

பெரியவன் சொன்னான். பதில் வந்தது. "முதல்ல நீங்க திறங்கன்னு சொல்றார்."

"நான் எதுக்கு முதல்ல திறக்கணும்? அவன் திறக்கட்டும்."

"அவரும் அதையேதான்ப்பா சொல்றார். வார்த்தை கூட மாறல."

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூட்டுக்காரர் சாவிக்கொத்தை எடுத்தார். புதிய சாவியைப் போட்டார். கதவு திறந்தது. மனைவி நீண்ட மூச்சு விட்டார். திரையில் தாடிக்காரர் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, மேலும் ஏதோ சொன்னார்.

"கதவு திறந்தா போதாதாம். நீங்க மறுபடி பூட்டிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? சாவி தன் பொண்ணு கையில இருக்கணுமாம்."

"புதுச் சாவி இவளுக்குக் குடுக்க மாட்டேன்."

"அப்பா!"

"குடுக்க மாட்டேன்னு சொல்லு. இதை அப்படியே சொல்லு."

அவர் குந்தி உட்கார்ந்தார். பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கதவின் விளிம்பிலிருந்த திருகாணி சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. புதிய உருளையை உருவி வலப் பக்கப் பையில் போட்டார். இடப் பக்கப் பையிலிருந்து பழையதை எடுத்து ஊதி, சட்டை நுனியால் துடைத்து, அதன் இடத்தில் செருகினார். என்ன நடக்கிறது என்று மற்றவர்களுக்குப் புரிவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

எழுந்து, கதவை இழுத்துப் படீரென்று சாத்தினார்.

திரையில் தாடிக்காரர் அலறினார். மனைவியும் அலறினார். "திறந்த கதவை எதுக்குச் சாத்தறீங்க? உங்களுக்குப் பைத்தியமா?"

பூட்டுக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்து, கதவை நோக்கி மோவாயை ஆட்டினார்.

அவள் சற்றுத் தயங்கி, கைப்பேசியைப் பெரியவனிடம் கொடுத்தாள். பிறகு இரட்டைப் புள்ளி குத்திய சாவியைத் துளையில் செருகித் திருப்பினாள். கதவு திறந்தது.

அலறல் நின்றது. தாடிக்காரர் நெடுநேரம் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அங்கே, ஒரு சங்கிலி கழன்று விழும் ஓசை கேட்டது. அவர் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்று, படிகளை நோக்கிக் கையசைத்தார்.

சின்னவள் அசையவில்லை.

"உள்ள போம்மா" என்றார் பூட்டுக்காரர், கைப்பேசியை மகனிடமிருந்து பிடுங்கி. "போ. நனையாத."

"முடிஞ்சுதாப்பா?" மழைச் சத்தத்துக்கு மேல் அவள் குரல் வந்தது. "யாரு முதல்ல, யாரு ரெண்டாவதுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியாச்சா?"

"பொய் சொன்னது நீ. என்னைக் கேக்கறியா?"

"பொய்தான் சொன்னேன். திட்டுங்க. போன் பண்ணித் திட்டியிருந்தா கேட்டுக்கிட்டிருந்திருப்பேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பூட்டை மாத்தினீங்க. இவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம சங்கிலி மாட்டினாரு. என் பையை இவருதான் தூக்கி வெளிய வச்சாரு, தெரியுமா? இப்போ நீங்க ரெண்டு பேரும் ராசி ஆயிட்டீங்க. ரெண்டு கதவும் திறந்தாச்சு. உடனே நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிடணும்."

"ராத்திரி நேரத்துல அங்க நின்னுக்கிட்டு வாயாடாத. அப்புறம் பேசிக்கலாம்."

"நண்டு எங்கே தூங்குச்சுன்னு கேட்டப்பவும் இப்படித்தான் பேச்சை முடிச்சீங்க. நீங்க சொல்லவே வேணாம்ப்பா. நானே கண்டுபிடிச்சுக்கறேன்."

அவள் படியேறி வந்தாள். ஒரு நொடி, உள்ளே வரப்போகிறாள் என்றுதான் இரண்டு வாசலிலும் நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் தாடிக்காரரின் கையைப் பிடித்து, அதில் அவர் வீட்டுச் சாவியை வைத்து விரல்களை மூடினாள். திரும்பினாள். பையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். விளக்கு வெளிச்சம் எட்டும் வரை அவள் தெரிந்தாள். பிறகு படிகளும் மழையும்தான் இருந்தன.

தாடிக்காரர் அவளை அழைத்தார். தெருவில் இறங்கி ஓடினார் போலும். திரை வானத்தையும் தரையையும் மாறி மாறிக் காட்டியது. பிறகு இணைப்பு அறுந்தது. பெரியவன் தங்கையை நேராக அழைத்துப் பார்த்தான். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது.

மனைவி கணவரைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மூட்டைக்காரி நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தாள். முதுகுச் சுமையை இன்னும் இறக்கவில்லை. பூட்டுக்காரரை நேராகப் பார்த்து, அமைதியாக ஒரு வாக்கியம் சொன்னாள்.

"என்னடா?"

"சின்னவ எங்க போயிருப்பான்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியுமாம்."

"எங்கயாம்? கேளு, சீக்கிரம் கேளு."

பெரியவன் கேட்டான். அவள் பதில் சொன்னாள். அன்று முழுவதும் எல்லார் பேச்சுக்கும் சர்க்கரை தடவிக் கொடுத்தவன், இந்த முறை எதையும் தடவவில்லை.

"அம்மாகிட்ட சொல்லுவாளாம். பூட்டை மாத்தின ஆள்கிட்ட சொல்ல மாட்டாளாம்."

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பெண்ணின் முதுகிலிருந்த பாரத்துக்குக் கை கொடுத்து இறக்கினார். பெரியவனும் உள்ளே போனான். போகும்போது அப்பாவைப் பார்க்காமல் போனான்.

திருப்புளியும் கம்பிகளும் தரையில் சிதறிக் கிடந்தன. எதிர்வீட்டு ஜன்னல்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவற்றை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போக மனம் வராமல், பூட்டுக்காரர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டின் நாக்கு தன் குழியில் கச்சிதமாகப் போய் விழுந்த ஓசையை அவர் கேட்டார். நல்ல வேலைப்பாடு. துளி ஆட்டம் இல்லை.

நிமிர்ந்து, சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி இருக்கும் இடத்தில் புத்தம்புதிய சாவி ஒன்று பளபளத்தது. அது திறக்கிற பூட்டு அவருடைய வலப் பக்கப் பையில் இருந்தது. இந்தக் கதவைத் திறக்கிற சாவி, கடையில், உருக்கப் போகும் பித்தளைத் துண்டுகளோடு கிடந்தது. கம்பிகள் கையில்தான் இருந்தன. எதிர்வீட்டு ஜன்னல்களும் திறந்துதான் இருந்தன.

கம்பிகளைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, அந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடச் செய்திராத ஒன்றைச் செய்தார். விரலை மடக்கி, தம் கதவைத் தாமே தட்டினார்.

உள்ளே பேச்சுக்குரல் நின்றது. மனைவியின் குரல் கேட்டது.

"யாரு?"